பூப்பாறைக்கு நாற்பது நிமிஷம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. விமானப் பயணத்தின் மெய்ப்பொருளைக் கண்டுபிடித்தவர் பெயர் போடிநாயக்கனூரில் எல்லோருக்கும் தெரியும்: ஏலக்காய் வியாபாரி காசிராஜன். ஆண்டு 1978. கண்டுபிடிப்பு இதுதான்: பயண நேரம் என்பது விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டுமே. மற்றதெல்லாம் வெறும் அலைச்சல், சேர்த்தி இல்லை.

தங்கை ராமுத்தாயைப் பூப்பாறையில் கட்டிக்கொடுத்திருந்தது. மலையேறி, கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டினால் ஊர். ஜீப்பில் இரண்டு மணி நேரம். ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

ஆனால் போன பொங்கலுக்கு, எஸ்டேட் ஆட்களோடு நசுங்கி ஜீப்பில் போய் இறங்கியவரைப் பார்த்துத் தங்கை புருஷன், "என்ன மச்சான், லோடோட லோடா வந்துட்டீக?" என்று கேட்டுவிட்டான். காசிராஜனுக்குக் 'கௌரவம்' என்பது உடம்பில் ஓர் உறுப்பு. அடி சரியாக அதில் விழுந்தது.

காதுகுத்துக்கு நாள் குறித்ததுமே, இந்த முறை பிளேனில்தான் போவது என்று மதுரைக்கு ஆள் போய் விசாரித்து வந்தது. மதுரையிலிருந்து கொச்சி, ஆகாய மார்க்கமாக நூற்றிருபத்தைந்து மைல், நாற்பது நிமிஷம். அடுப்படியில் 'தீர்மானம்' முன்மொழியப்பட்டது.

"முகூர்த்தம் பத்தரையிலேர்ந்து பதினொண்ணு. பத்து பத்துக்கு ஏறுறேன், பத்தம்பதுக்கு எறங்குறேன். பத்து நிமிஷம் மிச்சம்!"

"எறங்குறது கொச்சியிலல்ல?" என்றாள் மனைவி பாண்டியம்மாள், அரைப்பதை நிறுத்தாமல். "காதுகுத்து பூப்பாறையில."

"பூப்பாறையும் கேரளா, கொச்சியும் கேரளா. ஒரே ஸ்டேட்டுக்குள்ள என்னடி பெரிய தூரம்?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சீர்த்தட்டுகளையும் பாண்டியம்மாளையும் ஏற்றிப்போக வந்த ஜீப்பு டிரைவர் சுடலைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, கெழக்க போயி ஏறி மேக்க பறக்கணுமா? முன் சீட்டு காலியாத்தான் இருக்கு. வெரசா போயிரலாம்."

"உன் ஜீப்பு மலையில மணிக்கு எத்தனை மைலு சுடலை?"

"பத்து, பன்னெண்டு."

"பிளேனு இருநூறு!"

"சரிண்ணே. பூப்பாறையில நிப்பாட்டுவானா?"

இத்தகைய சில்லறைக் கேள்விகளுக்கு மேதைகள் பதில் சொல்வதில்லை. காசிராஜன் முதல் நாளே மதுரைக்குப் போய் லாட்ஜில் தங்கினார். மறுநாள் விமானம் ஒரு நிமிஷம்கூடப் பிந்தாமல் கிளம்பியது. பத்தரைக்குக் கீழே பச்சைப் பசேலென்று மலை. ஏலத் தோட்டங்களைப் பார்த்துக் கம்பீரமாகக் கையசைத்தார். கொச்சியில் இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்: பத்து ஐம்பது. விஞ்ஞானம் வென்றது.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தான். "பூப்பாறையோ? ஆறு மணிக்கூர்!" பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காதில் தங்கக் கம்பி மினுங்க, பிள்ளை சுடலையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் ஆசாரி அவசரப்படுத்தியபோது கைக்கு எட்டிய மடி அதுதானாம்.

காசிராஜன் தளரவில்லை. "ராமு, அண்ணன் வாக்குத் தவறலை தாயி. முகூர்த்தத்துக்குச் சரியா, உன் வீட்டுக்கு நேர் மேல இருந்தேன்!"

ராமுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தோம்ணே. புள்ளைய ரெண்டு கையாலயும் தூக்கித்தான் புடிச்சேன். உன் மடிதான் எட்டலை."