பலகைப் பல்லி பற்றி அக்கா எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் வீட்டுக்காரரும் குழந்தைகளும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ அனுப்பிய கட்டுரையைப் படித்த பிறகு அந்த மரியாதையெல்லாம் போய்விட்டது.

அச்சுக்குப் போகும் முன் ஒரு பார்வை பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். எங்கள் மரக்கடையில் இரண்டு பல்லி இனங்கள் இருக்கின்றனவாம். செதில் எண்ணிக்கை, விரலுக்கு அடியில் உள்ள தகடுகள், எல்லாம் ஒன்றுபோலவே இருக்க, மரபணுச் சோதனையில்தான் வேறு வேறு என்று தெரிந்ததாம். "கண்ணால் பிரித்தறிய இயலாதவை" என்று எழுதியிருக்கிறாய். யார் கண்ணால்? ஆறு வருடமாக இந்தக் கடையில் பலகை அளந்து கொடுக்கிறேன். ஆபீஸ் சுவரில் இருப்பது ஒன்று, பின்பக்கம் பலகை அடுக்கில் இருப்பது வேறொன்று என்று எத்தனை தடவை தலைபாடாக அடித்துக்கொண்டேன். சுவர்ப் பல்லி நம்மைப் பார்த்தால் நழுவும், பலகைப் பல்லி நின்று முறைக்கும். அதற்கு நீ என்ன சொன்னாய்? "அக்கா, முறைக்கிறதெல்லாம் அறிவியல் இல்ல. எல்லாம் ஒரே பல்லிதான். நீ உன் வேலையப் பாரு."

அப்படிச் சொன்னவன்தான் திடீரென்று சுவரிலிருந்து பத்து, பலகையிலிருந்து பத்து, உயிரோடு வேண்டும் என்று தினம் மூன்று தடவை போன் போட்டாய். நான் ஸ்டூலில் ஏறி, விழுந்து, முழங்கால் வீங்கி, நொண்டி நொண்டிப் பிடித்துப் போட்ட டப்பாக்களில் ஒன்றை ரம்பம் ஓட்டுகிறவர் தன் சாப்பாட்டு டப்பா என்று நினைத்துத் திறந்துவிட்டார், பல்லி அவர் சட்டைக்குள் போய்விட்டது, அவர் ரம்பத்தைக்கூட நிறுத்தாமல் வாசலுக்கு ஓட, முதலாளி வந்து வாடிக்கையாளர் முன்னாலேயே, "ஏம்மா, இது மரக்கடையா மிருகக்காட்சிசாலையா?" என்று கேட்டார். "தம்பி ஆராய்ச்சி பண்றான் சார்" என்றேன். "அவர் ஆராய்ச்சிய அவர் வீட்டுல வெச்சுக்கச் சொல்லுங்கம்மா" என்றார். என் மானம் கப்பலேறியது. இவ்வளவுக்கும் பிறகு கட்டுரையின் கடைசியில் யாருக்கு நன்றி? சோதனைக்கூடத்துக்கு நன்றி, பேராசிரியருக்கு நன்றி, அவர் மனைவிக்கும் நன்றி. எனக்கு? "மரக்கடை ஊழியர் ஒருவர்." உனக்கு மூக்குச் சளி துடைத்துவிட்டவள் ஒருவரா? வயிறு எரிகிறதுடா தம்பி.

போதாக்குறைக்குப் பலகைப் பல்லிக்கு, 'பலகையில் வாழ்வது' என்று பொருள் வரும்படி லத்தீனில் பெயர் வேறு சூட்டியிருக்கிறாய். அது வேறு இனம் என்று முதலில் சொன்னவள் நான். தலைப்புக்குக் கீழே, உன் பெயருக்குப் பக்கத்தில், என் பெயரையும் போடு. போடாவிட்டால் இனி அக்கா என்று வாய் திறக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. கோபமாக இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை, நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு மனசு கேட்கவில்லை, பிரித்து எழுதுகிறேன். அந்தப் பலகைப் பல்லிகளில் ஒன்றுகூட என் கைக்கு அகப்படவில்லை. தூரத்தில் நின்று முறைக்கும், கிட்டே போனால் இடுக்குக்குள் புகுந்துவிடும். நீயோ போன் மேல் போன். எப்படியும் எல்லாம் ஒன்று என்றுதான் சொல்லப்போகிறான் என்று, கழிவறைச் சுவரில் பத்தைப் பிடித்து 'பலகை' என்று சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன். உன் சோதனை வேறு வேறு என்று சொன்ன ஆபீஸ் சுவர்ப் பல்லியும் கழிவறைப் பல்லியும் என் கண்ணுக்கு அச்சு அசல் ஒன்றுதான். இப்போதும் போய் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வருகிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நீ பெயர் வைத்த பல்லி பலகையைக் கண்டதே இல்லை, தம்பி. நிஜப் பலகைப் பல்லியை இன்னும் யாரும் சோதிக்கவே இல்லை. உடனே அச்சை நிறுத்தச் சொல். தப்பு யாருடையது என்று பேராசிரியர் கேட்டால் 'ஒருவர்' என்று மழுப்பாதே, என் பெயரைச் சொல்.