மாப்பிள்ளைக்கு மட்டும் தண்ணீர்

எங்கள் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். ஒன்று நான். இன்னொன்று குதிரை.

மாமனார் என் மனைவிக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த குதிரை அது. மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். எனக்குச் செய்த மரியாதை என்று நானும் பூரித்துப் போயிருந்தேன். ஒருநாள் போனில், "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன் மாமா."

"உங்களைக் கேக்கலைங்க. கொள்ளு மிச்சம் வெக்காம சாப்பிட்டாரா?"

என் மனைவி குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பவள். வீட்டுக்குப் பின்னால் லாயம். எனக்குத் திரைச்சீலைக் கடை. சாயங்காலம் நான் வீடு திரும்பினால் "வந்தாச்சா?" என்று ஒரு சொல். குதிரை திரும்பினால் தண்ணீர், துவட்டல், தடவல், காதோடு காதாகக் குசலம். இத்தனைக்கும் நாங்கள் இருவருமே நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்க்கிறவர்கள்.

பொறுத்துப் பார்த்தேன். பிறகு அந்த வீர முடிவை எடுத்தேன். கோடைகால நெடுந்தூரக் குதிரைப் போட்டி. போன வருடம் அவள் ஜெயித்தது. வழியில் பல நிறுத்தங்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம், சவாரி செய்கிறவரைக் கவனிக்க ஓர் உதவியாள் காத்திருப்பார். எனக்கு உதவியாள் வேறு யார்? கொளுத்துகிற வெயிலில் நான் வந்து இறங்க, அவள் தண்ணீரோடு ஓடிவர...

"நான் போட்டிக்குப் போறேன்" என்றேன்.

"வேடிக்கை பாக்கவா?"

"ஓட்ட."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரிங்க. நானே போய்ப் பேர் கொடுத்துட்டு வந்துடறேன். உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

என் அலைச்சலைப் பற்றி ஒருத்தி கவலைப்படுகிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டியன்று வெயில் மண்டையைப் பிளந்தது. என் நிழலே குதிரையின் வயிற்றுக்கடியில் போய் ஒதுங்கிக்கொண்டது. முதல் நிறுத்தம் வருவதற்குள் என் தொடைகள் இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன.

அவள் வாளியோடு ஓடி வந்தாள். நான் வாயைத் திறந்தேன். வாளி என்னைத் தாண்டிப் போனது. குதிரையின் கழுத்தில் தண்ணீர், முதுகில் ஈரத்துணி, முகத்துக்கு விசிறி.

"எனக்கு?"

"அதோ குழாய்."

"கால் நடுங்குதும்மா."

"ஐயோ!" குனிந்து நாலு காலையும் தொட்டுப் பார்த்தாள்.

"என் கால்!"

"அப்பாடா" என்றாள்.

கால்நடை டாக்டர் வந்து குதிரையின் நாடித்துடிப்பைப் பார்த்தார். அது நிதானத்துக்கு வந்தால்தான் மேலே போக விடுவார்.

"எனக்கும் கொஞ்சம் பாருங்க டாக்டர்."

"நான் மாட்டு டாக்டருங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லை, கையைக் கொடுங்க." பார்த்தார். "குதிரை போகலாம்" என்றார்.

அடுத்த நிறுத்தத்தில் மயங்கி விழுவது என்று முடிவு கட்டினேன். கல்லும் முள்ளும் இல்லாத புல்தரையாகப் பார்த்து இறங்கினேன். "அம்மா..." என்றேன். விழுந்தேன்.

பலித்தது! வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் தலை அவள் மடியில். முகத்தில் தண்ணீர். கன்னத்தில் விசிறிக் காற்று. "என்னங்க... என்னங்க..." நான் முனகினேன். உயர்தரமான முனகல்.

"டாக்டர், இவரால இனிமே ஓட்ட முடியுமா?" அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காக இன்னும் நாலு தடவை விழலாம்.

"முடியவே முடியாது. நிழல்ல படுக்கட்டும்."

"அப்ப எழுதிக்குங்க, இவர் விலகிட்டார்."

என் தலை தரையில் இருந்தது. ஒரு கண்ணைத் திறந்தேன். மேலங்கியைக் கழற்றி எறிந்தாள். உள்ளே சவாரி உடுப்பு. பையிலிருந்து தலைக்கவசம் வந்தது. ஒரே தாவலில் குதிரை மேல் இருந்தாள்.

"ஏய், எங்க போறே?"

"மாத்து ஆள் நான்தாங்க. உங்க பேரோட என் பேரையும் கொடுத்தாச்சு!"

புழுதிதான் மிச்சம்.

டாக்டர் எனக்கு விளக்கினார். "போன வருஷம் ஜெயிச்சவங்க இந்த வருஷம் நேரடியா கலந்துக்க முடியாது. மாத்து ஆளா வரலாம். ஆனா அதுக்கு முதல்ல ஒருத்தர் விழணுமே! அந்த மாதிரி ஆள் லேசுல கிடைக்க மாட்டாங்க. உங்க வீட்டம்மா கொடுத்து வெச்சவங்க."

மிச்ச நிறுத்தங்களில் வாளி தூக்கியது நான். அவள்தான் முதலில் வந்தாள். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே ஓர் ஆறுதல்தான் மிச்சம்.

"நான் விழுந்தப்ப உன் குரல் அப்படி நடுங்குச்சே. அவ்வளவு பயந்துட்டியா?"

"பின்னே? எங்க எழுந்து உட்கார்ந்துடுவீங்களோன்னு எனக்கு உயிரே இல்லைங்க."