கடைசிப் பக்கத்து ஏழாவது பெயர்

விருதுநகர்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான, சபை மாத இதழின் ஆசிரியர் தம்பி மெர்வின் அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பில் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த, தற்போது ஓய்விலிருக்கும் தலைமையாசிரியர் சத்தியநாதன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் மனைவி பாக்கியவதியும் தேவ கிருபையால் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது இந்தக் கடிதத்தின் பொருள் அல்ல.

பொருள், நம் இதழின் கடைசிப் பக்கத்து ஜெபக் குறிப்பில், 'வேலைக்காகக் காத்திருக்கும் வாலிபர்கள்' என்பதன்கீழ் ஏழாவதாக வரும் ஜெயசுந்தர் என்ற பெயரை நீக்குவது. அவன் என் மகன். அவனுக்கு வேலை இருக்கிறது. வயது முப்பத்திரண்டு ஆவதால் வாலிபன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடந்த ஞாயிறு, சாத்தூரில் நர்ஸாக இருக்கும் ஜெனிட்டா என்ற பெண்ணின் தகப்பனார், யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்துப் போக நம் ஆராதனைக்கு வந்தார். யாருக்கும் தெரியாமல் வந்தவரை நான்தான் வாசலில் வரவேற்று மூன்றாம் பெஞ்சில் உட்காரவைத்தேன். "தம்பி எந்தக் கம்பெனில இருக்காக?" என்று கேட்டார். "நாலஞ்சு கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வெப்சைட் செய்றான்" என்றேன். "ஒண்ணுலயும் நிலையா நிக்க மாட்டாகளோ?" என்றார். அதற்குள் போதகர் அந்த ஜெபப் பட்டியலை வாசிக்கத் தொடங்கி, ஏழாவது பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தார். சபையே தலைகுனிந்து என் மகனுக்காக உருக்கமாக ஜெபித்தது. நான் தலைநிமிர்ந்தபோது மூன்றாம் பெஞ்சு காலி. அவருக்காக வைத்த ஆட்டுக்கறியை இன்று காலை வரை நாங்களே சாப்பிட்டோம்.

அவன் வேலை வரலாற்றைச் சொன்னால்தான் திருத்தம் சரியாக அமையும். படித்தது வரலாறு, முதலில் சிவகாசி அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் படம் அமைத்தான், மயிலுக்கு மூன்று கால் வந்து லோடு கிளம்பியபின் அங்கிருந்து இவனும் கிளம்பினான், பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஆர்டர் எழுதினான், சீசன் முடிந்து ஆலை மூடிக்கிடந்த மாதங்களில் போனில் வீடியோ பார்த்துத் தானாகவே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டான், வாத்தியார் இல்லாமல் ஒருவன் கற்றான் என்பதை வாத்தியாரான நான் எப்படி நம்புவது, நடுவே ஆறு மாதம் வத்தல் கடை, பாடகர் குழுவில் கீபோர்டு, மொட்டைமாடியில் தேனீப் பெட்டி, அதனால் பாக்கியவதிக்கு இரண்டு முறை முகம் வீங்கியது, இப்போது நார்வேயில் ஒரு மீன் கம்பெனிக்கும் திருச்சியில் ஒரு பல் டாக்டருக்கும் ஏதோ செய்கிறான். நேற்று அவன் பின்னால் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் பார்த்தேன். திரையில் ஒரு பொத்தானை வலப்பக்கம் நகர்த்தினான். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். "ஏலே, இதுக்கா சம்பளம்?" என்றேன். "அவுக அப்பிடித்தானப்பா கேட்டாக" என்றான்.

அப்போதுதான் திரையில் அந்தப் பட்டியலைக் கண்டேன். சபையின் வெப்சைட்டை நடத்துவதும், ஞாயிறு வாசிப்புக்கும் இதழுக்கும் உரிய பட்டியலைச் சனிக்கிழமைதோறும் அதில் ஏற்றுவதும் அவன்தானாம். நீங்கள் அறிந்திருப்பீர்கள். நான் நேற்றுத்தான் அறிந்தேன்.

"ஏலே, ஒம் பேர நீயேவா ஏத்துற?"

"ஆமாப்பா."

"வேலைதான் இருக்குல்ல, எடுத்துற வேண்டியதான?"

மேசை டிராயரிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் மூன்று வருடம் முன்பு போட்டது. 'என் மகன் ஜெயசுந்தருக்கு ஒரு வேலை கிடைக்கும்வரை ஜெபிக்கவும்.' கையெழுத்து என்னுடையது. போட்டதையே நான் மறந்திருந்தேன்.

"நீங்க எழுதிப் போட்டது. கெடச்சிருச்சின்னு நீங்கதானப்பா சொல்லணும்" என்றான்.

மூன்று வருடம் என்றால் நூற்றைம்பத்தாறு சனிக்கிழமை. அத்தனை முறை தன் பெயரைத் தன் கையாலேயே அங்கே போட்டிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாக்கியவதி கேட்டதற்குத் தேனீ கொட்டியது என்றேன்.

ஆகவே அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் இதை வெளியிட வேண்டுகிறேன்: 'ஜெயசுந்தருக்கு வேலை கிடைத்து மூன்று வருடமாகிறது. அதை ஒத்துக்கொள்ளாதிருந்தவர் அவர் தகப்பன் மட்டுமே.'

உங்களையும் வீட்டாரையும் கர்த்தர் தம் சிறகின்கீழ் வைத்துக் காப்பாராக. மகள் ஸ்வீட்டி உங்களைப்போல் அல்லாமல் கணக்கில் தேறிவர ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
சத்தியநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சாத்தூரிலிருந்து போன். ஜெனிட்டாவே பேசியது. "மாமா, எங்க சபைப் பட்டியல்ல எம் பேரும் இருக்கு. கல்யாணம் கைகூடன்னு நாலு வருசமா எங்கப்பா எழுதிப் போட்டது. அதச் சொல்லித்தான் நேத்து எங்கப்பாகிட்ட வாதாடுனேன். வாற ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்குச் சாப்பிட வருவாக. அதுக்குள்ள உங்க மகன் பேர எடுத்துறாதீக. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல எடுத்துக்கிருவோம்" என்றது. ஆகவே தம்பி, மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். ஏழாவது பெயர் அங்கேயே இருக்கட்டும். போதகர் வழக்கம்போல் நிறுத்தி நிதானமாக வாசிக்கலாம்.