நூற்றைம்பது டிகிரி வாசல்

மனைவி ஜாஸ்மினின் ஸ்கூட்டர் நான்காவது முறையும் வாசலில் ஏறாமல் பின்னோக்கி வழுக்கியபோது, ஆபேல் நோட்டைத் திறந்து கணக்கை மறுபடி சரிபார்த்தான். வாசல் தெருவைவிட ஒன்றரை அடி உயரம். சாய்தளம் மூன்றடி. சைன் தீட்டா சமம் அரை. தீட்டா முப்பது டிகிரி. விடையில் பிழை இல்லை. ஆனாலும் அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. கணக்குத் தேர்வில் மூன்று முறை தோற்றவன்.

இந்த முறையும் தோற்றால் காட்டாங்குளத்தூர் கல்லூரி ஆய்வகத்தில் கடைசிவரை உதவியாளன்தான். அதனால், வீட்டு வாசலில் ஒரு சாய்தளம் கட்டிக் கோணத்தைக் கண்டுபிடித்தால் நேரில் வந்து பார்த்து இருபத்தைந்து மார்க் போடுவதாகத் தாம்பரம் மாலை வகுப்பில் சம்பந்தம் சார் சொன்னதும் தலையாட்டிவிட்டான். மூன்றடி என்று முடிவு செய்ததும், கொத்தனார் குப்பனை அனுப்பிவைத்ததும் சார்தான்.

வகுப்பில் நோட்டைப் பார்த்த சார் சிவப்பு மையில் எழுதினார்: முந்நூற்றறுபதுக்குள் இன்னொரு விடை எங்கே?

நூற்றைம்பது. அதற்கும் சைன் அரைதான். நோட்டில் எழுதியாயிற்று. வீட்டில் எங்கே வைப்பது?

குப்பன் இரண்டு கைகளையும் கூரைபோலச் சேர்த்துக் காட்டினார். “இந்தப் பக்கம் ஏறுது இல்ல சார், அந்தப் பக்கம் அதே மாதிரி எறங்கணும். அதான் நூத்தம்பது.”

இறங்கப் பள்ளம் வேண்டுமே. கேட்டுக்கு உள்ளே ஒன்றரை அடி தோண்டினார்கள். மறுநாள் மழையில் மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க அதில் வந்து நின்றது. தெருவில் இரண்டு பேர் தள்ளி ஏற்றிவிட்ட ஸ்கூட்டர், உச்சியைத் தாண்டியதும் தானாக ஓடிப்போய்த் தண்ணீருக்குள் நின்றது.

“பாஸானா எனக்குப் படகு வாங்கித் தருவீங்களா?” என்றாள் ஜாஸ்மின்.

அதற்குள் வகுப்பில் பொதுத் தீர்வு வந்துவிட்டது. ஒவ்வொரு விடையோடும் முந்நூற்றறுபதைக் கூட்டிக்கொண்டே போகலாமாம்.

“இன்னும் எத்தினி ஸ்லோப் கீது சார்?” என்றார் குப்பன்.

“முடிவே இல்லண்ணா.”

“அப்ப நான் வேற வேலை ஒத்துக்கல.”

சனிக்கிழமை சார் வந்தார். டேப் வைத்து அளந்தார். ஜாஸ்மினை ஸ்கூட்டரைச் சாய்தளத்தில் ஏற்றச் சொன்னார், வழுக்கியது. மறுபடி ஏற்றச் சொல்லி, கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். பள்ளத்தில் குச்சி விட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்தார். அவர் முகம் வாட வாட, ஆபேல் நோட்டைப் புரட்டிக் கணக்கை மறுபடி பார்த்தான். ஆனால் சார் நோட்டை வாங்கி, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து போட்டார். குப்பனைத் தனியே அழைத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

ஆபேல் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டான். “கணக்கைப் பத்தி என்னண்ணா சொன்னாரு?”

“கணக்கா? கோவிலம்பாக்கத்துல அவரு வூட்டு வாசலும் இதே மாதிரிதான் சார், தெருவவிட ஒசரம், உள்ள பள்ளம். நாளைக்கு அங்க வேலை ஆரம்பிக்கிறதா இருந்தோம். இங்க பாத்துட்டு, இந்த டிசைன் வேணாம்னுட்டாரு.”