சம்பந்திக்கு ஒரு வெளிச்சம்

விளக்கு எரிந்தது. அதில் குறை ஒன்றுமில்லை. விளக்குக்குப் போன வயர்தான் விளக்கை முந்திக்கொண்டு சூடாகியது.

"என்னப்பா மணக்குது?" குசினி ஜன்னலைத் திறந்து மனைவி யோகாம்பாள் கேட்டாள்.

"ஒண்டுமில்லை. புது லைற் எண்டால் முதல்ல கொஞ்சம் மணக்கும்."

சொல்லிக்கொண்டே ஜெகதீஸ்வரன் பற்றரியிலிருந்து வயரைப் பிடுங்கினார். பிறகு பிடுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் வரிசை வீடுகளுக்கு முன்னால், கார் நிறுத்தும் இடத்தில், பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் அவர். காரின் முன்பக்கத்தில், இலக்கத் தகட்டுக்கு மேலே, சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு விளக்கு பூட்டப்பட்டிருந்தது. வேட்டைக்காரர்கள் காட்டுக்குக் கொண்டுபோகும் விளக்கு அது.

ஜெகதீஸ்வரன் வேட்டைக்காரர் அல்லர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அதற்கு முன், நோர்வேக்கு வந்த புதிதில், வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியிருக்கிறார். ஆனால் அந்த மீன்கள் அவரிடம் வந்து சேரும்போதே இறந்துவிட்டிருந்தன.

விளக்குக்குக் காரணம் மகள் ஹம்சிகா. அவளுக்கும் எய்ரிக் என்ற நோர்வேஜியப் பையனுக்கும் அடுத்த மே மாதம் கல்யாணம். எய்ரிக்கின் தாய் தகப்பன் கோடையில் ஒருமுறை வந்துபோனார்கள். பெண்கள் இருவரும் குசினிக்குள் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரனும் எய்ரிக்கின் தகப்பன் ஆர்னேயும் சோபாவின் இரண்டு முனைகளில் இருந்து, இந்த வருடம் மழை கூடவா குறைவா என்று கதைத்தார்கள். அது முடிந்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன கிழமை ஹம்சிகா தொலைபேசியில் எடுத்தாள்.

"அப்பா, சனிக்கிழமை எய்ரிக்கின்ர அம்மா அப்பா வருகினம். போன முறை மாதிரி மழையைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருக்காதேங்கோ."

"வேற என்னத்தைக் கதைக்கிறது?"

"ஆர்னேக்கு வேட்டை எண்டால் உயிர். அதைப் பற்றிக் கதையுங்கோ."

"எனக்கு அதைப் பற்றி என்ன பிள்ளை தெரியும்?"

"தெரிஞ்ச மாதிரி இருங்கோ. அது காணும்."

தெரிந்த மாதிரி இருப்பதற்கு வாயைவிடப் பொருள் உதவும் என்று ஜெகதீஸ்வரன் நினைத்தார். வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். மானைச் சுடும் துவக்கைப் பார்க்கவே பயமாக இருந்ததால் விளக்குப் பக்கம் திரும்பினார். வெளிச்சம் அடித்துக்கொண்டு காரில் போய் வேட்டையாடச் சட்டம் விடாது என்று கடைக்காரர் முதலிலேயே சொன்னார். ரோட்டில் அடிபட்ட மிருகம் காட்டுக்குள் ஓடிவிட்டால் தேடிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். தடித்த வயர், பியூஸ், ரிலே எல்லாம் சேர்ந்த பெட்டி ஒன்றும் விளக்கோடு வாங்கவேண்டும் என்றார்.

"வயர் வீட்டில் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் ஜெகதீஸ்வரன். வீட்டில் இருந்தது பழைய ஸ்பீக்கர் வயர்.

விரல் ஆறியதும் அவருக்குப் பியூஸ் நினைவு வந்தது. பல அளவில் ஒரு பை வாங்கிவந்து, ஒன்றை வயரின் நடுவில் போட்டார். விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது. பியூஸ் போய்விட்டது. இன்னொன்று போட்டார். அதுவும் போனது. பைக்குள் இருந்ததிலேயே பெரியதை எடுத்துப் போட்டார். அது போகவில்லை. வயரிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

குப்பைப் பையுடன் வெளியே வந்த பிரசாந் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். கோயம்புத்தூர்க்காரன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வரிசையின் கடைசி வீட்டுக்கு இந்த வருடம்தான் குடிவந்திருந்தான்.

"என்ன சார் பண்றீங்க?"

"லைற் பூட்டுறன், தம்பி."

"ஃபியூஸ் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"இருக்கிறதிலேயே பெரிசு. சின்னனைப் போட்டால் எரிஞ்சு எரிஞ்சு போகுது."

"அது எரியத்தான் சார் வச்சிருக்கு. ஃபியூஸ் எரியலைன்னா வயர் எரியும்."

இருவரும் வயரைப் பார்த்தார்கள்.

"ஓம், எரியுது," என்றார் ஜெகதீஸ்வரன்.

பிரசாந் குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு பற்றரி முனையைக் கழற்றினான். மறுநாள் இருவருமாகக் கடைக்குப் போய், கடைக்காரர் முதல் நாள் சொன்ன அதே பெட்டியை வாங்கிவந்தார்கள்.

"தம்பி, ஒருக்கா வடிவாப் பூட்டித் தாங்கோ."

"அழகெல்லாம் அப்புறம் பாக்கலாம் சார். முதல்ல சேஃபா இருக்கட்டும்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். வடிவா எண்டால் ஒழுங்கா."

"ஓ. எங்க ஊர்ல வடிவுன்னா அழகு சார்."

இந்த விளக்கம் முடிந்ததும் வேலை தொடங்கியது. தடித்த வயரைப் போட்டார்கள். பியூஸை நடுவில் போடாமல் பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அதற்கு அப்பால் வயர் எங்கே உரசினாலும் அது முதலில் போய்விடும் என்றான் பிரசாந். ரிலேயையும் பூட்டினார்கள். பெரிய மின்சாரத்தை அது பார்த்துக்கொள்ளும்; அதைத் தட்டி எழுப்ப ஒரு சின்ன வயர் போதும்.

"அந்தச் சின்ன வயருக்குத் தனியா ஒரு ஸ்விச் வேணும் சார். வாங்க மறந்துட்டோம்."

"இப்ப கடை பூட்டியிருப்பான். வேற வழி இல்லையோ?"

பிரசாந் காருக்குள் தலையை விட்டு, கைக்கெட்டிய மெல்லிய வயர் ஒன்றைக் கண்டுபிடித்து இணைத்தான். விளக்கு எரிந்தது. வயரைத் தொட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்திருந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பிரசாந் கார்க் கதவைச் சாத்தினான். விளக்கு அணைந்தது. திறந்தான். எரிந்தது.

அவன் தொட்டது, கதவு திறந்தால் உள்ளே எரியும் சின்ன விளக்கின் வயர். இனி யார் எந்தக் கதவைத் திறந்தாலும் எதிர்வீட்டுக் குசினி பகல் போல் வெளிக்கும். எதிர்வீட்டுப் பெண்மணி கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஜெகதீஸ்வரன் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டுச் சாவியை எடுக்கக் கதவைத் திறந்தார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

"நாளைக்குக் காலைல ஸ்விச் வாங்கி மாத்திடலாம் சார். அதுவரைக்கும் லைட்டை எதையாவது போட்டு மூடி வைங்க."

தடிப்பாக வீட்டில் இருந்தது ஒரு கம்பளித் தொப்பி. போன நத்தார்ப் பண்டிகைக்கு ஆர்னேயின் மனைவி பெரித் தன் கையாலேயே பின்னி எய்ரிக்கிடம் கொடுத்தனுப்பியது. விளக்கின் மேல் அது அளவாகப் பொருந்தியது.

சனிக்கிழமை காலை கார் திறக்கவில்லை.

சாவியை அமத்தினார். சத்தமில்லை. தொலைபேசியில் பார்த்தார். மின்சாரக் கார், தொண்ணூறு வீதம் நிறைந்திருப்பதாகக் காட்டியது. மறுபடி அமத்தினார். அப்போதுதான் பின்பக்கத்தைக் கவனித்தார்.

"யோகம், ஆர் டிக்கியைத் திறந்தது?"

"நான்தான். நேற்று அரிசி எடுத்தனான்."

"வடிவாச் சாத்தேல்லையோ?"

"நான் சாத்தினனான். அது சாத்துப்படேல்லை."

முன்பக்கம் போய்த் தொப்பியைக் கழற்றினார். தொப்பியின் உச்சியில் விளிம்பு கருகிய வட்டமாக ஒரு ஓட்டை விழுந்திருந்தது. யோகாம்பாள் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதைப் போட்டுக்கொண்டுதானே அந்த மனிசிக்கு முன்னால நிக்கவேணும் நீங்கள்."

"தொப்பியை விடு. தொண்ணூறு வீதம் காட்டுது, கார் சாகுது. அது எப்பிடி?"

பதில் பிரசாந்திடம் இருந்தது. "அது ஓடுறதுக்கான பெரிய பேட்டரி சார். கதவு திறக்கிறது, காரை எழுப்புறதெல்லாம் சின்ன பேட்டரி. நம்ம லைட்டு அதுலதான் இருக்கு. அதைத்தான் குடிச்சிருக்கு."

சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்தார்கள். பிரசாந் தன் பழைய பெற்றோல் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, வயர் கொடுத்து, சின்ன பற்றரிக்கு உயிர் கொடுத்தான். பிறகு கடைக்குப் போய் ஸ்விச் வாங்கிவந்து, உள்விளக்கின் வயரைப் பிரித்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டினான். முன்பக்கத்திலிருந்து உள்ளே வரும் வயர் தகரத்தில் உரசாமல் இருக்க ரப்பர் வளையமும் போட்டான்.

"இனிமே நீங்க சொன்னாத்தான் எரியும் சார்."

கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, நிம்மதியாக மூடினாள்.

பிற்பகலில் ஆர்னேயும் பெரித்தும் வந்து இறங்கினார்கள். ஆர்னே தலை முதல் கால் வரை பாசிப் பச்சையில் இருந்தார். நடக்கும்போது சப்பாத்து கிறீச்சிட்டது. ஹம்சிகாவும் எய்ரிக்கும் வேலை முடித்து ஆறுமணிக்கு மேல்தான் வருவார்கள்.

ஜெகதீஸ்வரன் தொப்பியோடு வாசலில் நின்றார். ஓட்டையைப் பின்பக்கம் தள்ளிவிட்டிருந்தாள் யோகாம்பாள். ஆனால் பெரித் கட்டியணைப்பவள். அணைத்தபோது அவளுடைய கை நேரே அங்கேதான் போனது.

"இது என்ன?" என்று அவள் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"ஒரு சின்ன விபத்து," என்றார் ஜெகதீஸ்வரன் அதே மொழியில். "வெளிச்சம் பிடிக்கப் போய் நடந்தது."

ஆர்னே அந்த ஓட்டையைப் பார்த்தார். அதன் கருகிய விளிம்பைப் பார்த்தார். பிறகு ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். சப்பாத்து கிறீச்சிட ஓரடி பின்னால் போனார்.

காரைக் காட்டியதும் ஆர்னே குனிந்து விளக்கைத் தடவினார்.

"பெரியது," என்றார்.

"பெரியது இல்லாமல் சரிவராது," என்றார் ஜெகதீஸ்வரன்.

இருட்டத் தொடங்கியதும் இருவரையும் காட்டோரம் ஒருமுறை போய்வரச் சொன்னாள் யோகாம்பாள். அவளுக்கு ரோல்ஸ் பொரிக்கக் குசினி தேவைப்பட்டது. ஆர்னே சிறிது யோசித்துவிட்டுத்தான் ஏறினார்.

சரளைக்கல் பாதையின் முடிவில், அறுவடையான வயலுக்கு முன்னால் காரை நிறுத்தினார் ஜெகதீஸ்வரன். ஸ்விச்சை அமத்தினார். வயல் முழுவதும் வெள்ளையாகியது.

வயலின் நடுவில் ஒரு எல்க் மான் நின்றது. மான் என்று சொன்னாலும் குதிரையைவிட உயரம். வாயில் எதையோ மென்றுகொண்டு, வெளிச்சத்தை நோக்கி மெதுவாக நடந்து வந்தது.

இனி என்ன செய்யவேண்டும் என்று வேட்டைக்காரர் சொல்வார் என ஜெகதீஸ்வரன் ஆர்னேயின் பக்கம் திரும்பினார். ஆர்னே அவர் பக்கம் திரும்பியிருந்தார்.

"நீங்கள் சொல்லுங்கள்," என்றார் ஆர்னே மிக மெல்லிய குரலில்.

"இல்லை, நீங்கள் சொல்லுங்கள்."

"இது உங்கள் இடம்."

"நீங்கள் விருந்தாளி."

எல்க் பொனற்றுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு விட்டது. முன்கண்ணாடி மங்கியது. பிறகு குனிந்து காரின் முன்பக்கத்தை நக்கத் தொடங்கியது. கார் லேசாக ஆடியது.

விளக்கை அணைக்க ஜெகதீஸ்வரன் ஸ்டியரிங்குக்குக் கீழே கையைக் கொண்டுபோனார். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஸ்விச்சை அமத்தினார்கள். இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். குளம்புச் சத்தம் மெல்ல விலகியது. அது நின்ற பிறகும் கையை எடுக்க இருவருக்கும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

"நல்ல மிருகம்," என்றார் ஆர்னே கடைசியில்.

"விட்டுவிடுவோம்."

"விட்டுவிடுவோம், விட்டுவிடுவோம்," என்றார் ஆர்னே அவசரமாக.

திரும்பி வரும் வழியில்தான் கதை பிறந்தது. இந்த விளக்கை எப்படிப் பூட்டினீர்கள் என்று ஆர்னே கேட்டார். ஜெகதீஸ்வரன் ஸ்பீக்கர் வயரிலிருந்து தொடங்கினார். பெரிய பியூஸ் போட்ட இடத்தில் ஆர்னே சிரித்தார். தன் படகிலும் ஒருமுறை அதே வேலையைச் செய்து, நடுக்கடலில் எரிந்த வயரின் மேல் வாளியால் தண்ணீர் ஊற்றி நின்றதாகச் சொன்னார். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இருவரும் இறங்கவில்லை. படகின் பற்றரியை எங்கே வைப்பது நல்லது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்த ஹம்சிகா எய்ரிக்கின் தோளில் தட்டிச் சிரித்தாள்.

சாப்பாட்டு நேரத்திலும் கதை தொடர்ந்தது. ஜெகதீஸ்வரனுக்கு மனம் நிறைந்திருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. அடுத்த முறை ஆர்னே உண்மையான வேட்டைக்கு அழைத்தால் என்ன சொல்லித் தப்புவது? அந்த யோசனையோடு தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனார்.

பெரித் அவருக்குப் பின்னாலேயே வந்தாள். கதவை மெல்லச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஜெகா, ஒரு உதவி செய்யுங்கள், இனி ஆர்னேயை வேட்டைக்குக் கூட்டிப்போகாதீர்கள், பாவம் மனிதர், வாழ்க்கையில் துவக்கையே தொட்டதில்லை, உங்களோடு கதைப்பதென்றால் வேட்டையைப் பற்றித்தான் கதைக்கவேண்டும் என்று ஹம்சிகா சொன்ன நாளிலிருந்து நூலகத்துப் புத்தகங்களை வைத்துப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறார்."