சின்னையாவின் இடது கால்

புக்கிட் செலம்பாவ்,
9 ஆகஸ்டு 2603
(ஜப்பான்காரர் கணக்கு; பழைய கணக்கில் 1943)

மரியாதைக்குரிய முத்துக்குமாரு அத்தான் அவர்களுக்கு, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசரும் தங்கள் மைத்துனனுமான பரஞ்சோதி எழுதிக்கொண்டது. இங்கே மரவள்ளிக்கிழங்கின் தயவில் உயிரோடு இருக்கிறோம். குருணில் நீங்களும் அக்காவும் அதைவிட ருசியான எதன் தயவிலாவது இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் எங்கள் தோட்டத்துத் தொழிலாளி சின்னையாவின் இடது காலைப் பற்றியது. சென்ற வருஷம் மரம் சாய்ந்து தொடை எலும்பு முறிந்தது. பதினோரு வாரம் பலகை வைத்துக் கட்டியிருந்தேன். அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது, சதையைத்தான் காணோம். தையல்காரர் நாடாவால் அளந்தேன், வலது தொடையைவிட இரண்டரை அங்குலம் குறைவு. மருந்து ஏது? கணுக்காலில் மணல் பை கட்டி, காலையும் மாலையும் நாற்பது தடவை தூக்கச் சொன்னேன், லயத்து வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் ஏறி இறங்கச் சொன்னேன். அவன் மனைவி செல்லாயி நிலக்கடலை, நெத்திலி, வயல் நத்தை என்று எங்கெங்கோ தேடிக் கொடுத்தாள். வேலையும் தீனியும் கொடுத்தால் சதை வளருகிறது, படுக்கப் போட்டால் கரைகிறது. எட்டு மாதத்தில் இரண்டு தொடையும் ஒரே அளவு. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அடுத்த வாரமே, போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு மறுபடி ஆள் எடுக்கப்போவதாக ஜப்பான்காரர்கள் அறிவித்தார்கள். கால் மெலியட்டும் என்று சின்னையாவை மறுபடியும் படுக்கையிலேயே கிடக்கச் சொன்னேன். ஆளைக் குணப்படுத்தித்தான் எனக்குப் பழக்கம், கெடுப்பது இதுதான் முதல் தடவை, கை கூசியது. செல்லாயி சண்டைக்கு வந்தாள். "கால் மெலிஞ்சா சயாம் போகமாட்டாரு, சரிங்கய்யா. கெழங்கு யாரு வெட்டுறது? பிள்ளைங்க என்னத்த திங்கும்?" நியாயம்தான். ஆனாலும் நான் இளகவில்லை. அவன் படுத்தேதான் கிடந்தான், காலும் குச்சியாகிவிட்டது.

சோதனை நாளன்று இடது காலில் கட்டுப் போட்டு நொண்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். வந்தான், வலது காலில் கட்டோடு. ஜப்பான்காரன் அவிழ்த்துப் பார்த்து, பொய் என்று ஓர் அறை விட்டு, இடது காலைப் பார்க்காமலே பெயரை எழுதிக்கொண்டான். ஏனடா என்று கேட்டால், "ஐயா பாடுபட்டு நல்லாக்குன காலுங்க, அதுல போயி பொய்க்கட்டு கட்ட மனசு வரல" என்கிறான்.

குருண் ஆபீசில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படி எடுத்து அனுப்பும் கிராணி நீங்கள். அந்தக் கால் அரை மைல்கூட நடக்காது என்று டிரெசர் என்ற முறையில் எழுதித் தருகிறேன். படி எடுக்கையில் அந்த ஒரு பெயர் விட்டுப்போகட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் வயிறு நிறைய உண்டு நீண்ட நாள் வாழ வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
பரஞ்சோதி

பின்குறிப்பு: கடிதம் கொண்டுவருபவன் சின்னையாதான். தோளில் இருப்பது உங்களுக்கான கிழங்கு மூட்டை. ஆபீசில் வேறு யாராவது இருந்தால் முதலில் மூட்டையை இறக்கி, ஒரு கம்பைக் கையில் கொடுத்து நொண்ட விடுங்கள். மேலே குச்சி என்று எழுதியது அளந்து பார்க்காமல்; எனக்குத் தெரியாமல் இத்தனை நாளும் கிழங்குக் காட்டில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இன்று காலை அளந்தேன், இடது தொடை வலதைவிட அரை அங்குலம் கூடுதல். என் கையால் தேறிய கால்களில் அதுதான் முதல்தரம், நீங்களும் ஒருமுறை பாருங்கள். அவனையே ஏன் அனுப்பினேன் என்று கோபிக்க வேண்டாம். முந்தின பட்டியல்களில் சயாமுக்குப் போனவர்கள் போக, குருண்வரை நடக்கக்கூடிய ஆண்பிள்ளை இந்தத் தோட்டத்தில் இனி அவன் ஒருவன்தான்.