அமெரிக்கக் கதவும் ஞாயிற்றுக்கிழமைக் கறிவிருந்தும்

சத்யப்பிரியாவை ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுத விடக் கூடாது. தீர்மானித்துவிட்டேன்.

என் மனைவி அஞ்சல் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். அன்றைக்கு அமெரிக்க இலக்கியம். நானோ சேவூர்ப் பெரியப்பா குடும்பத்தை அதே நாளில் கறிவிருந்துக்குக் கூப்பிட்டுத் தொலைத்திருந்தேன். நான் வைத்தால் வெந்நீரே தீய்ந்துபோகும்.

'போகாதே' என்று சொல்லத் தைரியம் கிடையாது. ஆகவே திட்டம்: கேள்வி கேட்டுக் குழப்பினால், அவளாகவே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவாள். நல்லூரில் உட்கார்ந்து அமெரிக்காவுக்கே ஜட்டி தைத்து அனுப்புகிறவன் நான். அவர்கள் இலக்கியம் எம்மாத்திரம்?

அவள் படித்துக்கொண்டிருந்த பாட நாவலைப் பிடுங்கி ஒரு வரியில் விரல் வைத்தேன்.

"'ஆறு சிரித்தது.' இது என்னது?"

"பெர்சானிபிகேஷனுங்க."

"எந்தப் பெர்சன்? ஆத்துல ஆளே இல்லியே?"

"அதானுங்க. ஆளில்லாததை ஆளாட்டச் சொல்றது."

நம் நொய்யல் ஆறு ஒருநாளும் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தைப் புரட்டினேன்.

"ஊட்டுக் கதவு எப்பவும் திறந்தே கிடக்குதாமா. கொண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. அது குறியீடு."

"குறியூடா? யாரு ஊடு அது?"

"ஊடு இல்லீங்க, குறியீடு! கதவுன்னா கதவு இல்லீங்க. வெளிய போகோணும்னு கதையில வர்ற அந்தம்மாவுக்கு இருக்கற ஆசை."

"ஆசைன்னே எழுதிப்போடலாமல்ல? பனியன்னு சொல்லிப்போட்டு ஜட்டிய அனுப்பினா சரக்கு வாங்கற பையர் சும்மா உடுவானா?"

எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் எங்கள் வீட்டுக் கதவு? எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

திடீரென்று அவள் முகத்திலும் குழப்பம்.

"ஏனுங்க, இந்த ஐரனி மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குதுங்க."

மாட்டிக்கொண்டாள்!

"ஐரனிங்கா? நம்ம கம்பெனில நித்தம் நடக்குதே!"

"அது இல்லீங்க. ஒருத்தர் ஒண்ணு நெனச்சுச் செய்யப் போக, நேர்மாறா நடக்கறதாமா. உதாரணந்தான் கெடைக்கல."

"உதாரணமே இல்லாம என்னத்த எழுதுவ? உடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன், மிகுந்த ஆதரவோடு.

அவள் என் கையிலிருந்த நாவலை வாங்கி மூடி வைத்தாள். பிறகு சேவூருக்குப் போன் போட்டாள்.

"பெரிய மாமாங்களா? சத்யப்பிரியா பேசறனுங்க. ஞாயித்துக்கெழமை எனக்குப் பரீச்சைங்க. எங்க ஊட்டுக்காரருதான் தானே சமைக்கறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறாருங்க."

வைத்துவிட்டுச் சிரித்தாள். "உதாரணம் கெடச்சிருச்சுங்க."

"பெரியப்பா... வரலைன்னுட்டாரா?"

"நீங்க சமைக்கறதைப் பாக்கோணும்னு சம்பந்தி ஊட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வர்றாராமுங்க."